எட்டுப் பொட்டு வைத்த இயந்திரம்

தசராவின் கடைசி நாள் யானை ஊர்வலமான ஜம்பு சவாரி முடிந்த மறுநாள் மைசூர் அசதியில் கிடக்கும். கடைகள் தாமதமாகத் திறக்கும், தெருவெல்லாம் வாழைத்தோலும் கிழிந்த பலூனுமாக இருக்கும். அப்படிப்பட்ட காலையில்தான் நஜர்பாதிலிருந்த அன்னபூர்ணியின் அலுவலகத்துக்கு அந்தப் பெண் வந்தாள். ஊரே தூங்கி வழிந்தபோது அவள் மட்டும் பல நாளாகத் தூங்காதவள்போல் இருந்தாள்.

அன்னபூர்ணி ரயில்வே விஜிலன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தனியார் வழக்குகளை எடுத்து விசாரிக்கிறார். அவருக்குத் துணையான ஸ்ரீகுமார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை ஆராய்ந்தவன். குற்றவாளியை எல்லோருக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவான். அது பெரும்பாலும் வேறு ஆளாக இருக்கும் என்பதுதான் அவனிடமிருந்த ஒரே குறை.

"என் பேரு பாக்கியலட்சுமிங்க, கௌதள்ளிப் பக்கம். வீட்டுக்காரரு சேகரன் இங்க கட்டட வேலை பாத்தாரு. சாரத்துல இருந்து விழுந்துட்டாருங்க. சரஸ்வதிபுரத்துல தலைய ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. சோறு போட்டு, படுத்துத் தூங்குங்கன்னு சொன்னேன். காலையில எழுப்புனா எந்திரிக்கலைங்க."

ஸ்ரீகுமார் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டான்.

"தூங்க விட்டே கொன்னுபோட்டாள்னு மாமியா பேசறாங்க. அந்தப் படத்தப் பாத்தாத்தானுங்க எனக்கு ஒரு முடிவு தெரியும். கேட்டதுக்கு, தசரா முடியட்டும்னாங்க. இன்னைக்குப் போனா, மெஷினு கெட்டுப்போச்சு, எல்லாப் படமும் அழிஞ்சுபோச்சுங்கறாங்க. மத்தியானம் கம்பெனிக்காரங்க வந்து தொடச்சுப்போட்டுப் புதுசா அமைக்கப் போறாங்களாம்."

"தொடைக்கிறதுக்கு முன்னாடி நாம போயிடலாம். கிளம்பும்மா," என்று அன்னபூர்ணி எழுந்தார்.

ஸ்கேன் சென்டரின் வாசலில் ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் ஓரமாக அழுகிக் கிடந்தது. அதன் நாற்றம் உள்கூடம் வரை வந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்தாக இருந்த பெயர் டாக்டர் சுசித்ராவுடையது. சென்டரில் பாதிப் பங்கும் அவருடையதுதான். பாக்கியலட்சுமியைப் பார்த்ததும் அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டதை ஸ்ரீகுமார் கவனித்தான். குற்றவாளி இவர்தான் என்று அங்கேயே முடிவு கட்டினான்.

"பாருங்க, பரவாயில்லை. மறைக்க எங்ககிட்ட ஏனூ இல்லை, ஒண்ணும் இல்லை," என்றார் சுசித்ரா, பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக.

பின்பக்கத்து அறையைத் திறந்தபோது குளிர் முகத்தில் அடித்தது. ஆளுயர இரும்பு ரேக்கில், ஸ்கேன் படங்களையெல்லாம் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. விட்டு விட்டு ஒரே சுருதியில் அது கூவிக்கொண்டிருந்தது. காதுக்குப் பழகாத அந்தச் சத்தத்துக்கு ஸ்ரீகுமார் ஒரு காதைப் பொத்திக்கொண்டான். இயந்திரத்தின் முகத்தில் எட்டு டிஸ்க்குகள் எட்டு ட்ரேயில் வரிசையாகச் செருகியிருந்தன. ஒவ்வொரு ட்ரேயின் ஓரத்திலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தது. ஐந்தாவது பொட்டில் சாமந்தி இதழ் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது.

"ஒரு லைட்டும் எரியலையே, உயிரே இல்லை போல," என்றான் ஸ்ரீகுமார்.

"ஃபேன் ஓடுதே," என்றார் அன்னபூர்ணி.

இயந்திரத்தை நிறுவிய ஹேமந்த் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன் அவன். போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தான். ஸ்ரீகுமார் உடனே சுசித்ராவை விட்டுவிட்டு இவனைப் பிடித்துக்கொண்டான், மனதுக்குள்தான்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுப்பா, இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார் அன்னபூர்ணி.

"எந்தப் படமும் ஒரே டிஸ்க்கில் இருக்காது மேடம். துண்டு துண்டா எட்டுலயும் பரவியிருக்கும். கூடவே, காணாமப் போன துண்டைக் கணக்குப் போட்டு மீட்கறதுக்கான குறிப்பும் பரவியிருக்கும். எட்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டைப் பங்கு போட்டு மனப்பாடம் பண்ணா மாதிரி வெச்சுக்குங்க. ரெண்டு பேர் மறந்தாலும் மீதி ஆறு பேர் பாடி முடிச்சிடுவாங்க. மூணாவது ஆளும் மறந்தா பாட்டே போச்சு. இங்க எல்லாருக்கும் இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்போ மூணு டிஸ்க்கைக் காணோம்னு காட்டுது."

"மூணும் செத்துப்போச்சா?"

"தெரியலை. டிஸ்க் செத்தாலும் சரி, யாராவது உருவினாலும் சரி, இந்த மெஷின் 'காணவில்லை'னு ஒரே வரிதான் எழுதும். திருப்பிச் சொருகினாலும் தானா நம்பி ஏத்துக்காது. வெளியே ஒரு நகல் வைக்க இன்னொரு மெஷின் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க."

"எல்லாம் நீ அமைச்ச லட்சணம்," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. மேலாளர் கணேஷ்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளே வந்தார். "மேடம், நீங்க பார்க்கிறதுன்னா சீக்கிரம் பார்த்துடுங்க. கம்பெனி ஆள் கீழே வந்தாச்சு. காத்திருக்கிற பேஷண்ட்ஸுக்கு நான் பதில் சொல்லணும் அல்லவா?"

"இதை முதல்ல கவனிச்சது நீங்கதானா?"

"ஹௌது, நான்தான். பூஜை அன்னைக்கு நான் இங்க இல்லை. குண்டலுபேட்டையில் எங்க தோட்டத்து டிராக்டருக்குப் பூஜை. நேத்து மத்தியானம் இங்க யாருமில்லை, ஊரே ஜம்பு சவாரிக்குப் போயாச்சு. சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். அறைக்குள்ளேர்ந்து இந்தச் சத்தம். உள்ளே வந்தா மூணு டிஸ்க்கில் சிவப்பு லைட். ஹேமந்த் சொல்லிக் குடுத்த மாதிரியே, சிவப்பு எரியறதை மட்டும் உருவித் திருப்பிச் சொருகினேன். சரியாகலை."

"எந்த மூணு?"

"ரெண்டு, அஞ்சு, ஏழு."

"சிவப்பு நல்லாத் தெரிஞ்சுதா?"

"பளிச்சுன்னு தெரிஞ்சுது."

ஹேமந்த் தலையசைத்தான். "அந்த மூணுதான் மேடம். கம்ப்யூட்டர்ல பார்த்தேன்."

பதில் பதிலோடு பொருந்திவிட்டது. தான் சந்தேகித்தது சரி, பையன் அமைத்த விதத்தில்தான் கோளாறு என்று ஸ்ரீகுமார் மார்தட்டிக்கொள்ளும் நேரத்தில், அன்னபூர்ணி அறை விளக்கை அணைத்தார். இருட்டில் அந்தக் கூவல் இன்னும் பக்கத்தில் வந்ததுபோல் இருந்தது. பாக்கியலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஸ்ரீகுமார், மெஷின் முகத்தைப் பாருங்க. எத்தனை சிவப்பு தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை மேடம்."

"பச்சை?"

"அதுவும் இல்லை."

விளக்கு மீண்டும் எரிந்தது. அன்னபூர்ணி கைக்குட்டையை எடுத்து, இரண்டாவது ட்ரேயின் ஓரத்தில் காய்ந்திருந்த பொட்டை மெதுவாகத் துடைத்தார். சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அதற்கடியில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

கணேஷ்குமார் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொட்டு வெச்சது யாரு?" என்றார் அன்னபூர்ணி.

"நான்தான்," என்றான் ஹேமந்த், தலையைக் குனிந்துகொண்டு. "ட்ரே முகம் பூரா காத்துப் போறதுக்கு ஓட்டை. அதுல வெச்சா குங்குமம் உள்ளே கொட்டிடும். அந்த ஓரம் மட்டும்தான் கெட்டியா இருக்கும். லைட்டும் அங்கேதான். மறைக்கும்னு தெரியும், இருந்தாலும் வெச்சுட்டேன். பூஜைப் பொட்டைத் துடைக்கவும் மனசு வரலை."

"நாங்க ஸ்கேன் மெஷினுக்கே வெக்கறோமே," என்றார் சுசித்ரா மெல்ல.

"நான் உருவினப்போ பொட்டெல்லாம் விழுந்திருக்கும். அப்புறம் இவனே திருப்பி வெச்சிருப்பான்," என்றார் கணேஷ்குமார்.

"பூஜை முடிஞ்சதும் போட்டோ எடுத்தியாப்பா?"

எடுக்காமல் இருப்பானா? ஹேமந்த் போனை நீட்டினான். வாழைக்கன்று, மாலை, ஊதுவத்தி, எட்டுப் பொட்டு. ஐந்தாவது பொட்டில் அதே சாமந்தி இதழ், அதே சாய்வில் ஒட்டியிருந்தது. ஸ்ரீகுமார் போனையும் ரேக்கையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு மஞ்சள் இதழைக் கண்டு இவ்வளவு பயம் வரும் என்று அவன் நினைத்ததில்லை.

"பூஜையிலேர்ந்து இப்ப வரைக்கும் இந்த லைட் எதுவுமே யாரு கண்ணுக்கும் தெரிஞ்சிருக்க முடியாது," என்றார் அன்னபூர்ணி. குரல் உயரவில்லை. "கணேஷ்குமார், நீங்க பூஜையில் இல்லை. நேத்து வந்தப்போ பொட்டைப் பார்த்திருப்பீங்க, அதுக்கடியில்தான் லைட்டுன்னு யோசிக்கலை. சிவப்பு எரிஞ்சா உருவணும்ங்கிற பாடம் மட்டும் ஞாபகம் இருந்தது. அதை வெச்சு ஒரு கதை கட்டினீங்க. ஆனா எந்த மூணுன்னு சரியாச் சொல்றீங்க. லைட்டைப் பார்க்காம அது எப்படித் தெரியும்? உருவின கைக்குத்தான் தெரியும். நீங்க உருவினதுக்கு அப்புறம்தான் இது கத்தவே ஆரம்பிச்சது. கம்ப்யூட்டர்ல அழிச்சா உங்க பேர் பதிவாகும், கையால உருவினா பேர் இருக்காது. ரெண்டு உருவினா படம் பிழைச்சுக்கும், அதனால மூணு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் கணேஷ்குமார். பொட்டு காட்டிக்கொடுத்துவிட்டது. லிஃப்ட் கதவு திறந்து, மடிக்கணினிப் பையோடு கம்பெனி ஆள் வருவது தெரிந்தது. "அவர் வேலையை அவர் பார்க்கட்டும். எல்லாமே அழிஞ்சுதான் போச்சு," என்று கணேஷ்குமார் வாசலை நோக்கி நகர்ந்தார். ஸ்ரீகுமார் குறுக்கே போய் நின்றான். சரியான ஆளை மறித்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அழியலை," என்றான் ஹேமந்த். அவன் குரல் மாறியிருந்தது. "செத்ததுன்னாத்தான் போச்சு. உருவினது நல்ல டிஸ்க். உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கு. புதுசா அமைக்காம இருந்தாப் போதும். ஒவ்வொண்ணையும் நகல் எடுத்து, நகலை வெச்சே சேர்த்துப் பார்க்கலாம்."

சுசித்ரா கம்பெனி ஆளைப் பார்த்தார். "யாரும் தொட வேண்டாம். நீங்க போங்க."

நகல் எடுத்துச் சேர்த்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் போலீஸ் வந்து கணேஷ்குமாரை அழைத்துப் போயிருந்தது. மூன்றாம் நாள் காலை சேகரனின் பெயர் திரையில் வந்தபோது, பாக்கியலட்சுமி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஸ்ரீகுமார் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தைப் பார்த்தான். படத்தைத் திறந்து பார்த்தவர்களின் பெயர் அதில் வரும். கட்டம் காலியாக இருந்தது. அன்னபூர்ணியைப் பார்த்தான். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுசித்ரா பாக்கியலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"ஸ்கேன் எடுத்த அன்னைக்கு நான் லீவு. கூட்டம் ஜாஸ்தி இருந்தா ரிப்போர்ட்டுக்காக யாரும் காத்து நிக்க வேண்டாம்னு என் பாஸ்வேர்டைக் கணேஷ்கிட்ட கொடுத்து வெச்சிருந்தேன். அவர் பழைய நார்மல் ரிப்போர்ட் ஒண்ணை எடுத்து, பேரை மாத்தி, என் கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டார். நீங்க முதல் தடவை வந்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்தது. பயந்துட்டு வாயைத் திறக்கலை. தப்பு அவரோடது மட்டும் இல்லை. இதைக் கோர்ட்டிலும் சொல்றேன்."

பாக்கியலட்சுமிக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது.

"அப்ப அவரு தலைய யாருமே பாக்கலீங்களா?"

"இல்லைம்மா."

சுசித்ரா படத்தைத் திறந்தார். சாம்பல் நிறத்தில் மண்டையோட்டின் ஒரு பக்கம், உள்ளே வெள்ளையாகப் பிறை வடிவில் ஒரு பட்டை. டாக்டருக்குப் படிக்காத ஸ்ரீகுமாருக்கே அது அங்கே இருக்கக் கூடாதது என்று புரிந்தது.

"ரத்தம் கட்டியிருக்கு. பார்த்திருந்தா அன்னைக்கே ஆபரேஷனுக்கு அனுப்பியிருப்பேன். பிழைச்சிருக்கலாம்." சுசித்ரா திரையை விட்டுத் திரும்பினார். "வீட்டுக்கு அனுப்பினதுதான் தப்பு. நீங்க தூங்க விட்டதால இல்லைம்மா."

பாக்கியலட்சுமி அழவில்லை. உள்ளே வந்து, நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பவாச்சும் பாருங்க டாக்டரம்மா. ஒண்ணு விடாமப் பாருங்க. நானும் பாக்கறேன்."

சுசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் படத்துக்குத் திரும்பப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.