ரிவர்ஸில் நின்ற கறுப்பு சாப்

அதே தெருவில் தனியாக வசிக்கும் முதியவர் ஆல்வார் காபி வேண்டாம் என்று சொன்னபோதே சோல்வேய்க்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. சோல்வேய், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கார் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவள். பக்கத்து வீட்டு ரூனே முடிதிருத்தும் கடையை மூடிய நாளிலிருந்து அவளுக்குத் தன்னைத்தானே உதவியாளனாக நியமித்துக்கொண்டவன். அப்போதும் அவள் சமையலறையில்தான் இருந்தான். வேறெங்கே இருப்பான்?

"எனக்கு மூளை கலங்கிடுச்சான்னு பார்த்துச் சொல்லு, சோல்வேய்," என்றார் ஆல்வார். "போன வாரம் கடைக்கு நடந்து போயிட்டு வந்தேன். வாசல்ல நின்ன கார் சரிவுக்குக் கீழே பிர்ச் மரத்துல முட்டிக்கிட்டு நிக்குது. ரிவர்ஸ்ல இருக்கு. சாவி என் கோட்டுப் பையில."

"தானா உருண்டிருக்கும்," என்றான் ரூனே.

"சாப் கார் உருளாதுடா. ரிவர்ஸ் போட்டாத்தான் சாவி வெளியே வரும். வந்ததும் கியர் பூட்டிக்கும். அந்தக் காரைச் செஞ்ச தொழிற்சாலையில முப்பது வருஷம் இருந்தவன் நான். இன்னொரு சாவி தொலைஞ்சு எவ்வளவோ காலமாச்சு. அப்போ நான்தான் ஓட்டியிருக்கணும். ஆனா ஞாபகமே இல்ல." குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை லைசென்ஸைக் குடுத்துட்டு, முதியோர் இல்லத்துக்குக் கையெழுத்துப் போடப் போறேன். கரீனாதான் எல்லா ஏற்பாடும் பண்றா."

கரீனா அவருடைய ஒரே மகள்.

ஸ்வீடனில் இருக்கும் அவர்கள் ஊரான ட்ரோல்ஹெட்டனில் பாதிப் பேர் விமானம் செய்தார்கள், மீதிப் பேர் சாப் கார் செய்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டதில்லை. எஞ்சினுக்குக் கூடுதல் வேகம் தரும் டர்போ என்பது பந்தயக்காரர்களின் விளையாட்டாக இருந்த காலத்தில், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் காரில் அதை மாட்டி விற்ற ஊர் இது. ஆல்வாரின் கறுப்பு 900 டர்போவை அழுத்தி மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு கழித்து, விசில் சத்தத்தோடு முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவார்கள். தொழிற்சாலை மூடிய பிறகு ஆல்வார் சிரித்தது அந்தக் கணத்தில் மட்டும்தான் என்று தெருவில் பேச்சு. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகையிலும் அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் உண்டு.

அவர் போனதும் ரூனே நாற்காலியை இழுத்துப் போட்டான். "மருமகன் டாமிதான். வண்டியை இழுத்துப் போனவன் சொன்னான், உள்ளே ஏறினா முட்டி ஸ்டியரிங்ல இடிச்சுதாம். சீட்டு அவ்வளவு முன்னால. ஆல்வார் நிலைக்கதவு உயரம். டாமியோ என் தோளுக்குத்தான் வருவான். சாப்பே பிடிக்காத வோல்வோ கார்க்காரன் வேற."

"டாமி அந்தக் காரை ஓட்டியிருக்கானா?"

"ஒரு தடவை. கடை வாசல்ல சாவியை எடுக்கத் தெரியாம அரை மணி நேரம் இழுத்துப் பார்த்துட்டு, அப்படியே விட்டுட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். ஊரே சிரிச்சுது."

சோல்வேய் சிரிக்கவில்லை. "நாளைக்கு கரீனாவையும் டாமியையும் ஆல்வார் வீட்டுக்கு வரச் சொல்லு," என்றாள்.

மறுநாள் மதியம் மேசையில் ஏலக்காய் பன் இருந்தது, யாரும் தொடவில்லை.

"ஓட்டினது நீங்க இல்ல, ஆல்வார்," என்றாள் சோல்வேய். "உங்க காலுக்கு அந்த சீட்டுல இடமே பத்தாது. இடிச்சுட்டு, திரும்ப சீட்டை முன்னால தள்ளி வெச்சுட்டா வருவீங்க?"

ஆல்வார் மெல்ல நிமிர்ந்தார். ரூனே டாமியை முறைத்தான்.

"என்னை ஏன்யா பார்க்கிறே?" என்றான் டாமி.

"அவனை விடு, ரூனே. அவனா இருந்தா சாவி வண்டியிலேயே மாட்டிக்கிட்டு இருந்திருக்கும். மரத்துல இடிச்ச பதட்டத்துலயும் யோசிக்காம ரிவர்ஸ் போட்டு சாவியை உருவியிருக்கு ஒரு கை. சின்ன வயசுலேர்ந்து இந்த வண்டியிலயே பழகின கை. தொலைஞ்ச சாவி தொலையல." அவள் திரும்பினாள். "சீட்டை மட்டும் பழையபடி பின்னால தள்ளி வெச்சிருந்தா, எல்லாரும் அவர் மறதின்னே நம்பியிருப்போம், கரீனா."

கரீனா மேசை விரிப்பின் மடிப்பை நீவினாள். "சிவப்பு விளக்குல நிக்கவே மாட்டேங்கிறார். ஒரு தடவை பின் சீட்டுல என் பொண்ணும் இருந்தா. கெஞ்சினேன், சண்டை போட்டேன். வண்டி போனா விட்டுடுவார்னு நினைச்சேன்."

"நான் விட்டது வண்டியை இல்லையே, என் புத்தி மேல இருந்த நம்பிக்கையை," என்றார் ஆல்வார். "தினமும் வந்து, இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டே. நான் பயந்து பயந்து பதில் சொன்னேன். சரியாச் சொன்னா தலையாட்டினே. அப்பக்கூட உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"சொன்னா மறுபடியும் ஓட்டுவீங்க, அப்பா."

"ஓட்டுவேன்தான்."

டாமி மனைவியின் தோளில் கை வைத்தான், அவள் விலக்கினாள். எதிலும் மூக்கை நுழைக்கும் ரூனேகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆல்வார் எழுந்து தன் கோட்டைத் தேடி எடுத்தார். "லைசென்ஸை நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். அந்தக் குழந்தைக்காக," என்றார். "இல்லத்துக்கு வரமாட்டேன். என்ன கிழமைன்னு எனக்குத் தெரியும். இனி நான் கூப்பிட்டா மட்டும் வா."

கரீனா வாசல்வரை போய், ஏதோ கேட்கத் திரும்பினாள். அவர் ஏற்கெனவே முதுகைக் காட்டி நின்று, பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.