ஜோவிட்டாவின் சில்லு

கல்லறைத் திருநாளன்று தூத்துக்குடியில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள்.

கல்லின் நெற்றியில் பதித்திருக்கும் வட்டத்தை உள்ளங்கையால் மூடினால் போதும். உள்ளே இருக்கும் கல்லொளிக் கருவி விழித்துக்கொள்ளும். கல்லுக்கு மேலே, ஒரு முழ உயரத்தில், மண்ணுக்குள் போனவர் உயிரோடு வந்து நிற்பார். ஒரு கல்லில் யாரோ கல்யாண வீட்டுக் கூட்டத்தில் கைதட்டிப் பாடுவார்கள். பக்கத்துக் கல்லில் ஒருவர் குழம்பில் உப்பு போதவில்லை என்று சண்டை பிடிப்பார். தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும் சாமியாருக்குத் தான் சொல்லும் ஜெபம் தனக்கே கேட்காது.

எமில்டாவும் அவள் கணவன் ரெமிஜியூஸும் வேலியோரத்தில் இருந்த சின்னக் கல்லின் முன்னால் நின்றார்கள். செவ்வந்தி மாலையைச் சாத்திவிட்டு, ரெமிஜியூஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வட்டத்தை மூடினான்.

ஜோவிட்டா வந்தாள். ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்த வாய். துறைமுகத்துக் கடற்கரையில் ஈரப் பாவாடையோடு குந்தியிருந்தாள். விரலிடுக்கில் ஒரு நண்டு.

“எப்பா, இது என்னயப் பாத்து முழிக்கிது!”

அப்புறம் அந்தச் சிரிப்பு. மூச்சு வாங்க வாங்க, பின்னால் சாய்ந்து மணலில் விழுந்து சிரிக்கும் சிரிப்பு.

ரெமிஜியூஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறான். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் தினமும் இங்கே இறங்கி இந்த நண்டுக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். மழை பெய்தாலும் வருவான். மகள் போன பிறகு அவன் சாப்பிடுவதும் தூங்குவதும் இதனால்தான் என்று எமில்டாவுக்குத் தெரியும். அவள் அவ்வளவாக வருவதில்லை. வந்தால் திரும்பிப் போவது கஷ்டமாக இருக்கும்.

இன்று சிரிப்பு தொடங்கும் இடத்தில் ஜோவிட்டாவின் வலது கன்னம் நனைந்த காகிதம்போல ஒரு நொடி நெளிந்தது.

“மெழுகுவத்திப் புகை” என்றான் ரெமிஜியூஸ்.

எமில்டா குனிந்து அந்தக் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். அது புகை இல்லை. அவளைவிட நன்றாக அதை அறிந்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. அவளுடைய வேலையே சில்லுகளைச் சோதிப்பதுதான்.

முன்பெல்லாம் படக்கருவிகளின் நினைவு அட்டைகள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். பிறகு கருவிகள் படத்தை எடுப்பதை விட்டுவிட்டுப் படத்தைத் தாமே படைக்கத் தொடங்கின. மூடிய கண்ணைத் திறந்து வைத்தன. அழுத முகத்தைத் துடைத்துவிட்டன. எந்தப் படம் நடந்தது, எந்தப் படம் நடக்காதது என்று யாருக்கும் தெரியாமல் போன காலத்தில்தான் அழியாச் சில்லு வந்தது. உள்ளே விழுந்த ஒளியை விழுந்தபடியே பிடித்து வைக்கும். ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாது. ஜனங்கள் அதை மட்டும்தான் நம்பினார்கள். குழந்தை பிறந்தால் ஒரு சில்லு. அது வீட்டார் சட்டையில் குத்தும் கைக்கண் என்ற சின்னப் படக்கருவிக்குள் இருந்து கடைசியில் கல்லுக்குள் போகும்.

துறைமுகச் சாலையில் இருந்த ஆலையில் எமில்டாவின் மேசைக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில சில்லுகளை எடுத்து அவள் வதைப்பாள். சம்மட்டியால் அடிப்பாள். வெந்நீரில் அவிப்பாள். உப்பு மூடுபனியில் மாதக்கணக்கில் தொங்கவிடுவாள். சரக்கு லாரியை மேலே ஏற்றுவாள். எல்லாம் முடிந்தபின் படிப்பானில் வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். படம் வந்தால் தேர்ச்சி. இதுவரை ஒன்றுகூட அவளிடம் தோற்றதில்லை.

அடுத்த வாரம், கூட்டமில்லாத ஒரு காலையில், அவள் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

முதலில் கால்பந்து கோச் கஸ்பாரின் கல். ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் அவரிடம் உதை வாங்கி வளர்ந்தவர்கள். எந்த நாளும் கல்லைச் சுற்றி யாராவது நிற்பார்கள். வட்டத்தை மூடினாள். பச்சை நிறத்தில் ஏதோ ஆடியது. விசில் சத்தம் மட்டும் தெளிவில்லாமல் வந்தது. அடுத்தது, எப்போதும் ஆள் வந்து நிற்கும் நர்ஸ் பிலோமினாவின் கல். பேசினாள், ஆனால் முகம் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம்.

கடைசி வரிசையில், உடைமரத்துக்குக் கீழே, தொம்மையின் கல் இருந்தது. பொண்டாட்டியையும் பிள்ளைகளையும் அடித்தே வாழ்ந்த மனுசன். அடக்கம் முடிந்த நாளுக்குப் பிறகு அந்தக் கல்லை யாரும் தொட்டதில்லை. எமில்டா தூசியைத் தட்டிவிட்டுக் கையை வைத்தாள்.

“ஏட்டி! என்ன வாய் பாத்துக்கிட்டு நிக்க?”

அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். தொம்மை அப்படியே எதிரில் நின்றான். நெற்றி வேர்வை, கண்ணில் ஓடிய சிவப்பு நரம்பு, மீசையில் ஒட்டிய சோற்றுப் பருக்கை. நேற்று எடுத்ததுபோல இருந்தான்.

எமில்டா உடைமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே ஜோவிட்டாவின் கல்லைத் திறந்து சில்லை எடுத்துக்கொண்டாள். ஆலைக்குப் போய், புதுச் சில்லு ஒன்றில் சில காட்சிகளைப் பதித்துப் படிப்பானில் வைத்து, இதுவரை யாரும் செய்யாத ஒரு சோதனையைத் தொடங்கினாள். அடிக்கவில்லை, அவிக்கவில்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். நாட்கள் போயின. ஒருநாள் அந்தக் காட்சி நெளிந்தது. அப்புறம் நிறம் போனது. அதே சில்லில் ஓட்டாமல் விட்ட மற்றக் காட்சிகள் பளிச்சென்று இருந்தன.

சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிப் பள்ளங்கள் இருக்கின்றன. பள்ளத்தில் ஒளியைச் செலுத்தினால்தான் படம் எழும். ஒளி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் விளிம்பு துளியூண்டு மழுங்குகிறது. சம்மட்டிக்கும் கடலுக்கும் அசையாத பொருள், பார்ப்பதால் தேய்ந்துகொண்டிருந்தது.

ஆலைத் தலைவர் வில்பிரட் அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அடிச்சா உடையாது, அவிச்சா உருகாது, கடல்ல போட்டா கரையாது. இம்புட்டுத்தான நாம சொன்னது? பாத்தா தேயாதுன்னு என்னைக்குச் சொன்னோம்?”

“பாக்கத்தான சார் வாங்குதாங்க?”

“சரி, பெட்டி மேல என்னன்னு எழுதச் சொல்லுத? ‘அழியவே அழியாது, தயவுசெஞ்சு பாத்துராதிய’ன்னா?” அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “எமில்டா... எங்கம்மா கல்லுக்கு நான் வெள்ளிக்கிழமை தவறாமப் போறேன். அம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?”

அவள் தரையைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டில் ரெமிஜியூஸ் அடுப்படியில் நின்று சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தான். கல் வெறுமையாக இருப்பதைப் பார்த்த நாளிலிருந்து அவன் சரியாகப் பேசவில்லை. சோதிக்க எடுத்திருக்கிறேன் என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள். இப்போது முழுவதையும் சொன்னாள்.

மீனைக் கழுவுவதை அவன் நிறுத்தவில்லை. கழுவிய மீனையே மறுபடி கழுவினான்.

“அப்ப நாந்தான் அவள அழிச்சிருக்கேன்.”

“அப்படிச் சொல்லாதிய.”

“வேற எப்படிச் சொல்ல? நீ போகல. மத்தவங்க போகல. நாந்தான் தினமும் போயி, பாப்பா பாப்பான்னு...” கையிலிருந்த மீனைப் பாத்திரத்தில் போட்டான். “நகல் எடுத்து வைக்கலாம்லா?”

எடுத்துப் பார்த்திருந்தாள். சில்லிலிருந்து எழும் ஒளி இன்னொரு சில்லில் பதியாது, சாதாரணப் படக்கருவியால் பிடித்தால்தான் நகல். அந்தக் கருவியோ தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. கைப்பலகையில் அதை ஓடவிட்டு அவனிடம் நீட்டினாள்.

கடற்கரை, நண்டு, ஈரப் பாவாடை எல்லாம் இருந்தன. நெளிந்த கன்னத்தைக் கருவி அழகாகச் சரிசெய்திருந்தது. சிறுமி சிரித்தாள். வாய் நிறைய வெள்ளை வெளேரென்று வரிசையான பற்கள்.

ரெமிஜியூஸ் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இது யாரு?” என்றான்.

எமில்டா கைப்பலகையைக் கவிழ்த்து வைத்தாள். அவன் ஈரக் கையோடு அவள் தோளில் சாய்ந்துகொண்டான். கல்யாணமான புதிதில் அடுப்படியில் இப்படித்தான் வந்து சாய்வான், வேலை செய்ய விடாமல். அன்றைக்கு அவள் கரண்டியால் அடித்து விரட்டுவாள். இன்றைக்கு அசையாமல் நின்றாள்.

சில்லை அலமாரியில், அவளுடைய கல்யாணச் சேலைக்குள் சுருட்டி வைத்தார்கள். இனி யாரும் பார்ப்பதில்லை என்று முடிவு. அவன்தான் அந்த முடிவை எடுத்தான். ஆனால் நாளாக ஆக அவனுக்கு உடம்பு வற்றியது. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவான், அலமாரிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காருவான். டீ ஆறிப்போகும்.

“பூட்டி வச்சிருக்கது இருக்குன்னு எப்படித் தெரியும், எமி?”

“இருக்குங்க.”

“தொம்மைக்குக் கொடுத்து வச்சிருக்கு பாத்தியா. யாரும் பாக்க மாட்டாங்க, அதனால நல்லா இருக்கான். எம்பிள்ளைய நான் பாக்காம இருந்தா அவளும் நல்லா இருப்பா. பெறகு அவளுக்கும் தொம்மைக்கும் என்ன வித்தியாசம்?”

எமில்டா ஆறிய டீயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்த கையோடு அவன் கேட்டான். “நண்டு வேண்டாம். அத விட்டுருவோம். நாம ரொம்பப் பாக்காதது எதாவது இருக்கும்லா? அதுல ஒரே ஒருக்கா.”

எமில்டா படிப்பானை மேசைமேல் வைத்தாள். அவளுக்குத் தெரியும், ஆலையில் எல்லாவற்றையும் அளந்துவிட்டாள். இருந்தாலும் அவனுக்காக ஒவ்வொன்றாகத் தொட்டாள். முதல் நற்கருணை உடுப்பு: வெள்ளையாய் ஒரு கசங்கல். பிறந்தநாள் கேக்: மெழுகுவர்த்திச் சுடர் இருந்தது, ஊதுகிறவள் இல்லை. பள்ளிக்கூட நடனம்: கால்கள் மட்டும். எல்லாம் மகள் இருந்த காலத்திலேயே வீட்டில் ராப்பகலாக ஓட்டிப் பார்த்தவை. அவர்கள் எதை எவ்வளவு விரும்பினார்களோ அது அவ்வளவுக்குப் போயிருந்தது.

“ஒண்ணுகூடவா மிஞ்சல?”

மேசை விளிம்பை எமில்டா இறுகப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு இருக்கு.”

எது என்று அவன் கேட்கவில்லை. முகம் மாறியது. இருவருக்கும் அது எது என்று தெரியும். இருவரும் ஒருபோதும் திறக்காதது.

“வேண்டாம் எமி. உனக்காகத்தான் சொல்லுதேன்.”

“போடுங்க” என்றாள். அவன் கை வராததால் அவளே போட்டாள்.

அன்று ரெமிஜியூஸின் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் குத்தியிருந்த கைக்கண்ணை அணைக்க மறந்திருந்தான். அது பார்த்த அறைதான் மேசைக்கு மேலே விரிந்தது. ஒரு மங்கல் இல்லை, ஒரு நெளிவு இல்லை. கட்டிலில் போர்வைக்குள் ஜோவிட்டா, காய்ச்சலில் உதடு வெடித்து. பக்கத்தில் வேலைக்குக் கிளம்பிய சேலையில் எமில்டா, கையில் மருந்துக் கரண்டி.

“குடிட்டி. எனக்கு நேரமாச்சு.”

“கசக்குதும்மா.”

கரண்டி வாய்க்குப் போனது. ஜோவிட்டா சேலைமேல் துப்பினாள். கன்னத்தில் அறை விழுந்த சத்தம் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. குழந்தை ஒரு கணம் விழித்தாள், பிறகு முகம் கோணியது, அந்தப் பொக்கை வாய் அகலத் திறந்தது.

“நீ எங்கம்மாவே இல்ல! போ! அப்பா வரட்டும், சொல்லுதேன் பாரு! போ!”

படத்துக்குள் இருந்த எமில்டா சேலையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ஜோவிட்டா விக்கி விக்கி அழுதாள். அழுகை தேம்பலானது. போர்வையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். வேர்வையில் ஒட்டிய பிடரி முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. காட்சி முடிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஜோவிட்டாவும் முடிந்துபோனாள்.

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. ரெமிஜியூஸ் அவள் கையைத் தேடிப் பிடித்தான். அவள் நொறுங்கிப்போவாள் என்று அவன் பயந்தான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எத்தனை காலம் அந்த அறையின் சத்தத்துக்குப் பயந்து கல்லறைக்கே போகாமல் இருந்திருக்கிறாள்.

ஆனால் இப்போது அவள் காதில் நின்றது அறை இல்லை. “கசக்குதும்மா” என்று சொன்ன குரல். அந்த ‘ம்மா’வை ஜோவிட்டா கொஞ்சம் இழுப்பாள். அதை எமில்டா மறந்தே போயிருந்தாள். நண்டுக் காட்சியில் அது இல்லை. அதில் எல்லாம் ‘எப்பா’தான். உலகத்தில் அவளை அம்மா என்று கூப்பிடும் ஒரே இடம் இதுதான்.

“உள்ள வச்சிருவமா?” என்றான் ரெமிஜியூஸ். அவன் சொன்ன விதத்திலேயே அவனுக்கும் மனசில்லை என்பது தெரிந்தது.

அவள் சில்லைப் பார்த்தாள். இந்தக் காட்சி இவ்வளவு நாள் பிழைத்திருந்தது அவர்கள் இதை வெறுத்ததால்தான். இனியும் பிழைக்க வேண்டுமென்றால் இதைத் தொடர்ந்து வெறுக்க வேண்டும். சம்மட்டியும் உப்பும் வெந்நீரும் தெரிந்த அவளுக்கு, அதை எப்படிச் செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

“ஒரே ஒருக்கா” என்றாள்.

ரெமிஜியூஸ் கையை நீட்டித் தொட்டான். கட்டிலும் போர்வையும் விரிந்தன. எமில்டா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.