நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

சஃபியா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் வந்தபோது பாஸ்கரன் மாஷ் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். மேலேக்காவு அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துவது அவர் வேலை. எது காணாமல் போனாலும் தேடிக் கொடுப்பது சம்பளமில்லாத வேலை. பக்கத்தில் லிஜி டீச்சர், எதிலும் முந்திரிக்கொட்டை.

பள்ளியில் இருப்பது ஒரே ஒரு கலர் பிரிண்டர். ஆளுக்கொரு ரகசிய எண். யார் எத்தனை கலர் பக்கம் எடுத்தார்கள் என்பதை அதுவே எண்ணிவைக்கும். சஃபியாவின் எண்ணில் ஒரே வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ஏறியிருந்தது. தங்கையின் நிக்காஹ் பத்திரிகையைப் பள்ளி மையில் அடித்துவிட்டாள் என்று தலைமையாசிரியை அம்புஜாட்சி முடிவு கட்டிவிட்டார். சஃபியா தற்காலிக ஆசிரியை. சாயங்காலத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் நாளை முதல் வேலை கிடையாது.

"நான் அடிச்சது பெற்றோர் கூட்ட நோட்டீஸ் மட்டும்தான் மாஷே. அதுவும் கறுப்புல."

ஓவிய வாத்தியார்தான் எண்ணைத் திருடியிருப்பார் என்று லிஜி அடித்துச் சொன்னாள். மாஷ் போய் பிரிண்டரைப் பார்த்தார். கறுப்பு மை பாதிக்குக் கீழே போயிருந்தது. கலர் மைகள் மூன்றும் கிட்டத்தட்ட ஊற்றியபடியே நிறைந்திருந்தன.

"லிஜி, மதியச் சோத்துக்கு தினம் தலை எண்ணுறது நீங்கதானே? மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

"நானூத்திப் பன்னிரண்டு" என்றவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாஷ் ஒரு பிள்ளையிடமிருந்து அந்த நோட்டீஸை வாங்கி, சஃபியாவையும் லிஜியையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"டீச்சர், இதுல கறுப்பா இல்லாதது எது?"

அம்புஜாட்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அடியில் அவருடைய கையெழுத்து, பச்சையில். கெஜட் அதிகாரி என்பதால் பச்சை மை தவிர வேறெதையும் தொடமாட்டார். நானூறு தாளில் போடக் கை வலிக்கும் என்று ஒன்றில் போட்டு, அதை ஸ்கேன் செய்து எல்லாவற்றிலும் சேர்க்கச் சொன்னதும், பச்சை பச்சையாகவே வரவேண்டும் என்று கண்டித்துச் சொன்னதும் அவரேதான்.

"பொட்டளவு கலர் இருந்தாலும் இந்த மிஷின் முழுப் பக்கத்தையும் கலர்னுதான் எண்ணும். கலர் மையே சாட்சி சொல்லுது, குறைஞ்சதே தெரியல" என்றார் மாஷ்.

மேசையில் வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. அதிலும் பச்சைக் கையெழுத்து. அம்புஜாட்சி அதை நான்காகக் கிழித்தார். சஃபியா அங்கிருந்த நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பு என்னுதுதான் மோளே" என்றார் தலைமையாசிரியை. "ஆமா, அந்தப் பத்திரிகையை எங்கேதான் அடிச்சே?"

"அடிக்கவே இல்ல டீச்சர். எல்லாருக்கும் போன்லதான் அனுப்பினோம். உங்களுக்கு வந்து மூணு நாளாச்சு."