கசியாத சுவர்

அணைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

வேறு யாராவது என்றால் நல்லதாகப் போயிற்று என்று விட்டிருப்பார்கள். அணை மேற்பார்வையாளரால் அப்படி விட முடியவில்லை. எந்த அணையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவை வெளியே அனுப்பத்தான் சுவருக்குள்ளேயே ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சுரங்கப்பாதை, கேலரி என்பார்கள், அதன் சுவர் நெடுக வடிகுழாய்கள், காலடியில் ஒரு சிறு வாய்க்கால். அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்தச் சலசலப்பு ஓய்ந்ததே இல்லை. இப்போது வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வெளியே நீர்த்தேக்கமோ விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது.

தலைமையகத்துக்குப் போன் போட்டார். பெரிய பொறியாளர் சந்தோஷப்பட்டார். சுவரில் செலுத்திய சிமெண்ட் ஒருவழியாக வேலை செய்கிறதாம். இல்லை சார், வர வேண்டிய தண்ணீர் வரவில்லையென்றால் வேறெங்கோ போகிறது, மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம் என்று இவர் கெஞ்சினார். மதகைத் திறக்கிற பேச்சே கூடாது என்று வாயை அடைத்துவிட்டார்கள். உச்சிமலைப் பனி முன்பு போல நின்று நிதானமாக உருகுவதில்லை. கோடை தொடங்கியதுமே மொத்தமும் ஓடிவந்துவிடுகிறது, பிறகு ஆற்றில் மணல்தான். பிடித்து வைத்ததைக் கொண்டுதான் குளிர்காலம் பூராவும் மின்சாரம் எடுக்க வேண்டும்.

"கசிவு நின்னுடுச்சுன்னு புகார் சொல்ற ஒரே ஆளு நீங்கதான்யா. வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புங்க," என்று பொறியாளர் போனை வைத்தார்.

சுவரோடு பேசியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அந்த எரிச்சலில்தான் தப்பு செய்தார். கேலரிக்குள் தனியாக யாரும் போகக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். அணையில் இது எல்லோருக்கும் தெரியும். இவரோ கோபம் தணிவதற்குள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, போய் நாலு படம் எடுத்து வா என்று தனியாக அனுப்பிவிட்டார். அவன் அவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

மத்தியானம் போனவன் வெயில் சாய்ந்தும் வரவில்லை. "அவரு போனை எடுக்கவே மாட்டேங்கிறாரு மாமா," என்றாள் கொழுந்தியாள். இதோ கையோடு கூட்டி வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டார். துணைக்கு ஆள் கேட்டதற்கு, காலையில் அனுப்புவதாகத் தலைமையகத்தில் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச்சை எடுத்தார்.

இரும்புக் கதவைத் தாண்டியதும், வழக்கமாக முகத்தில் வந்து அப்பும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் துரு வாடையும் இல்லாமல், பல நாள் திறக்காத அலமாரியின் வறண்ட தூசி நெடி மட்டும் மூக்கில் ஏறியது, தண்ணீர்ச் சத்தத்தில் எப்போதும் அமுங்கிப்போகும் அவருடைய செருப்பொலி இன்று அவருக்கு முன்னால் ஓடி, வளைவில் திரும்பி, யாரோ எதிரே வருவதுபோலக் கேட்டது. ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஈரமில்லை. விளிம்பு மட்டும் பிசுபிசுத்தது. எச்சில் மாதிரி.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கேட்டது. மடக். மடக். மடக்.

வளைவுக்கு அப்பால் சகலை நின்றிருந்தான். முகம் சுவரோடு. வாய் குழாயில். தொண்டை ஏறி இறங்கியது. சட்டைப் பொத்தான்கள் தெறித்துக் கீழே கிடந்தன.

பயத்தை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது அவருக்கு. "என்னடா பண்றே? வீட்டுல அவ தவிச்சுக்கிட்டு இருக்கா. வா போகலாம்."

அவன் வாயை எடுத்தான். ஒரு சொட்டும் விழாமல் கட்டைவிரலால் குழாயை அடைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்க சகலை. குளிர்காலம் வருதுல்ல. சேத்து வெச்சுக்கணும்."

மறுபடி குனிந்தான். மடக். மடக்.

தோளைப் பற்றி இழுத்தார். விரல்கள் உள்ளே அமுங்கின. எலும்பு தட்டுப்படவில்லை. பிடித்த இடத்திலிருந்து கால்வரை உடம்பு தளும்பியது. ஆனாலும் விடவில்லை. கூட்டி வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறார். வெறும் கையோடு எப்படிப் போவது?

டார்ச் வெளிச்சம் ஆடியது. அவனுக்கு அப்பால் ஒரு முதுகு. அதற்கப்பால் இன்னொன்று. குழாய்க்கு ஒருவர். இவர் பிறப்பதற்கு முன் இந்த அணையைக் கட்டியவர்கள் போட்டிருந்த தகரத் தொப்பிகள். சிமெண்ட் படிந்த கழுத்துகள். உப்பிய வயிறுகள். வெளிச்சம் எட்டும்வரை. அதைத் தாண்டியும்.

சத்தம் நின்றது.

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கன்னங்கள் நிறைந்திருந்தன. கண்களுக்குள்ளும் தண்ணீர் ஆடியது. யாரும் விழுங்கவில்லை. அவரைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

சகலை கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டான்.