ரகுபதி மாட்டிய பூட்டு

"இன்னிக்கு அவனுக்குத் திதி. இன்னிக்குமாடி உனுக்கு காலேஜு?"

தாயாரம்மாளின் குரல் சுபஸ்ரீயைச் சமையலறை வாசலிலேயே நிறுத்தியது. கையில் வடைமாவு ஒட்டியிருந்தது. பதினொரு மணிக்கு வைவா, வாய்மொழித் தேர்வு. மின்சக்தி, எரிசக்திப் பொறியியலில் எம்.இ. பட்டத்துக்கு அதுதான் கடைசிப் படி. தவறினால் இன்னும் ஆறு மாதம்.

"படைச்சுட்டுத்தான் போவேன் அத்தை. தேதி காலேஜ்ல வச்சது..."

"இந்தப் படிப்பாலதானே எம்புள்ள போனான்! காலங்காத்தால காலேஜு ஃபாரத்த நீட்டி, கையெழுத்துப் போடுன்னு சண்ட புடிச்ச. அதே நெனப்புல போயி பூட்டு மாட்ட மறந்தான்... பாவி!"

இரண்டு வருடங்களாக இதே பேச்சு. சுபஸ்ரீயின் கணவன் ரகுபதி வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அவன் தம்பி மோகனுக்கும் அங்கேயே கேன்டீனில் வேலை. மின்பெட்டியில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் போட்டோ ஒட்டிய அட்டையோடு சொந்தப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். சாவி அவன் பையில்தான் இருக்கும். வேறு யாரும் சுவிட்சைப் போட முடியாது. மின்சாரம் தாக்கி இறந்த அன்று அவன் பூட்டே மாட்டவில்லை என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. வீடும் அதை நம்பியது. சுபஸ்ரீ மறுத்துப் பேசவில்லை. பகலில் பாலிடெக்னிக்கில் வேலை, படப்பை ஷேர் ஆட்டோவில் மடிமேல் நோட்டு என்று படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி இன்னாத்த எழுதிக் கிழிச்ச?"

மேசையிலிருந்த ஆய்வேட்டைத் தாயாரம்மாள் பிடுங்கி எறிந்தாள். படையலுக்கு இலை விரித்துக்கொண்டிருந்த மோகனின் காலடியில் அது விரிந்து விழுந்தது. எடுக்கக் குனிந்த மைத்துனன் அப்படியே உறைந்து போனான்.

அந்தப் பக்கத்தில் ஒரு புகைப்படம். மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு. அதில் தொங்கிய அட்டையில் ரகுபதியின் முகம்!

"அண்ணி... இது எங்கேர்ந்து கெட்ச்சுது?"

"அவரோட போன்ல. உடைஞ்சு கிடந்ததைப் போன வருஷம் ரிப்பேர் பண்ணி எடுத்தேன். வேலையைத் தொடங்கறதுக்கு முன்னால அவரே எடுத்தது."

தாயாரம்மாள் கிட்டே வந்து படத்தைப் பார்த்தாள். "அப்போ... பூட்டு மாட்டினானா?"

"மாட்டினார் அத்தை. கரண்ட் அந்த வழியா வரலை."

வேறு எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பதையே அவள் தன் ஆய்வாக எடுத்துக்கொண்டாள். கண்டும்பிடித்தாள். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தலை குனிந்து நின்றாள்.

மோகன் தரையில் சரிந்தான்.

"நான்தாம்மா... கேன்டீன்ல ஜெனரேட்டர் போட்டது நான்தான்! கரண்டு இல்லாம ஷிப்டுக்குச் சாப்பாடு லேட்டாவுதுன்னு சூப்பர்வைசர் கத்தினாரு. மெயின் பெட்டிக்குப் போற வயர மொதல்ல பிரிச்சிருக்கணும்... அவசரத்துல வுட்டுட்டேன். கரண்டு அந்த வயர் வழியா திரும்பிப் போயிடுச்சு. அண்ணன் அங்க கை வச்சினு கீறான்னு தெரியாதும்மா! அப்பறம் சூப்பர்வைசர் பூட்ட அறுத்துப் போட்டுட்டு, வாயத் தொறந்தா நீதான் ஜெயிலுக்குப் போவேன்னாரு..."

தாயாரம்மாள் அவன் சட்டையைப் பற்றினாள்.

"ரெண்டு வருஷம்... உங்கண்ணெதிர்ல இவள நான் தெனம் கொன்னுகினு இருந்தேன். பாத்துகினே சோறு துன்னியாடா?"

பிறகு மெல்லச் சுபஸ்ரீ பக்கம் திரும்பினாள். "உனுக்கு எப்பத் தெரியும்?"

"எட்டு மாசமா."

"ஏண்டி சொல்லல?"

"ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துட்டீங்க அத்தை. இன்னொரு பிள்ளையையும் நான் எப்படி...? ஆய்வேட்டுல யார் பேரும் இல்லை. மெயினும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்துல சேராம தடுக்கிற ஒரு கருவி அங்க இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பார். அதைப் பத்திதான் எழுதியிருக்கேன்."

கால்களை நோக்கிக் குனிந்த மாமியாரைச் சுபஸ்ரீ பாதியிலேயே தாங்கிப் பிடித்தாள். கட்டிக்கொண்ட இருவரும் வாய்விட்டு அழுதார்கள். ரகுபதி போன நாளில்கூட அவர்கள் தனித்தனியாகத்தான் அழுதிருந்தார்கள்.

முதலில் கண்ணைத் துடைத்தவள் தாயாரம்மாள்தான்.

"மோகனு, மூஞ்சக் கழுவு. அண்ணிய காலேஜுல வுட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போ. நடந்தத நீயே சொல்லு."

"வேணாம் அத்தை! வேலை போயிடும், கேஸ் ஆயிடும்..."

"ஆவட்டும். மறந்துட்டான்னு எம் பெரியவன் மேல எழுதி வச்சிகீறானுங்க. நானும் அதையேதான் சொன்னேன். அது அப்படியே நிக்கக்கூடாது. படையல சாயந்தரம் வச்சிக்கலாம். அவன் காத்துகினு இருப்பான்."

மோகன் பைக்கை வாசலில் நிறுத்தினான். அந்த முதுகைப் பார்த்ததும் சுபஸ்ரீக்குக் கால் எழவில்லை. பிறகு ஏறி, பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரகடம் சிக்னலில் நின்றபோது மோகன் திரும்பாமலே சொன்னான்.

"அண்ணி... என் பேரையும் உங்க புக்குல எழுதிடுங்க."

"நான் எழுத மாட்டேன் மோகன். அதை நீதான் சொல்லணும்."

அவன் தோள்கள் குலுங்கின. விளக்கு பச்சையானது, பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கம்பியிலிருந்து கையை எடுத்து அவன் தோளில் வைத்தாள் சுபஸ்ரீ.

"போ," என்றாள்.