மேகமலையில் எரிந்த சிவப்பு

மணிக்கட்டில் கட்டிய மெய்காட்டியில் சிவப்பு எரிந்தால், ஓட்டுநர் மிதிவண்டியை விட்டு இறங்கி, அதைத் தொடாமல் ஓரடி விலகி நிற்க வேண்டும். விதி அப்படி. மேகமலை ஏற்றத்தின் தொடக்கக்கோட்டில் நின்றிருந்த சௌந்தரபாண்டியன், இன்று பிலோமினாவின் மணிக்கட்டில் அந்தச் சிவப்பு எரியும் என்று உறுதியாக நம்பினார். மூன்றாண்டுகளாக முதலிடம் அவளுக்கே. ஒரு பெண், மூச்சு வாங்காமல், சிரித்துக்கொண்டே மலையேறினால் யாருக்குத்தான் ஐயம் வராது?

"என்னண்ணே, என் சக்கரத்தையே மொறைக்கிறீங்க? பஞ்சராக்கிராதீங்க" என்றாள் அவள்.

"மடியில கனமில்லாதவ ஏம்மா பயப்படுறே?" என்றார் அவர்.

மிதிவண்டிக்குள் ஒளித்துவைக்கும் கள்ளவிசைப் பொறிகள் கடுகளவுக்குச் சுருங்கிவிட்ட காலம் அது. எந்த ஊடுகதிரும் அவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை. "வண்டியைச் சோதிப்பது வீண்; மனிதனை அளப்போம்" என்று மிதிவண்டிக் கழகத்தில் முதலில் முழங்கியவர் சௌந்தரபாண்டியன்தான். அப்படிப் பிறந்த மெய்காட்டி ஒவ்வொருவருடைய மணிக்கட்டிலும் ஏறியது. அன்றாடம் ஓட்டும் ஓட்டத்திலிருந்து அவரவர் வலுவரம்பை அது கணிக்கும். அவ்வரம்பை மீறி ஒருவர் விரைந்தால், மிஞ்சிய வேகம் கள்ளவிசையே என்று எல்லைக்கோட்டில் தீர்ப்பளிக்கும். எவருடைய கணிப்பையும் எவரும் பார்க்கலாம்.

அந்தக் கடைசி ஏற்பாடுதான் அவரை உறுத்தியது. தம் வலிமையைப் பிலோமினா பார்த்துவிட்டால்? எனவே ஓராண்டாக மெய்காட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய இரும்பு மிதிவண்டியின் கேரியரில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் போடிமெட்டுச் சாலையில் தனியே ஏறிப் பழகினார். கழகத்தாரோடு ஓட்டும்போது மட்டும் அதை அணிந்துகொண்டு, வேண்டுமென்றே பின்தங்கி ஓட்டினார். நேர வரம்புக்குள் மேகமலை உச்சியைத் தொடும் பேறு அவருக்கு இதுவரை வாய்த்ததில்லை. அடுத்த ஆண்டு வயது வரம்பு அவரை வெளியே நிறுத்திவிடும். இன்று விட்டால் இனி இல்லை.

கொடி அசைந்தது. முதல் வளைவுகளிலேயே தம் கால்களின் புதுவலிமையை அவர் உணர்ந்தார். வளைவுக்கு வளைவு ஆட்கள் பின்தங்கினார்கள். தேயிலைச் சரிவுகளின் குளிர் நெஞ்சை அறுத்தது. ஆயினும் மிதி தளரவில்லை. பிலோமினா உச்சியை அடைந்த சிறிது நேரத்தில், நேர வரம்புக்கு நெடுமுன்னரே, அவரும் எல்லைக்கோட்டைக் கடந்தார். கைகளை உயர்த்தினார். உயர்ந்த மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. நடுவர் காசிமாயன் ஓடிவந்தார். இருபது ஆண்டு நண்பர்.

"அண்ணே, வண்டிய விட்டு வெலகி நில்லுங்க."

"டேய், இது என் காலுடா! தொட்டுப் பாரு!"

"காலு சரிண்ணே. உங்க வரம்புக்கு இது எப்பிடி முடியும்னு மெய்காட்டி கேக்குது."

அவர் மணல் மூட்டையைப் பற்றிச் சொன்னார். சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். இன்னொருவன் அவருடைய வண்டியைக் கவிழ்த்து, இருக்கைக் குழாய்க்குள் விரல் விட்டுத் துழாவினான்.

"மறுபடியும் ஏறிக் காட்டுறேன்!"

"வேகமா ஏறுனா மறுபடியும் செவப்புத்தாண்ணே. மெதுவா ஏறுனாப் பச்சை எரியும். ஆனா நேரம் தப்பிப்போயிரும்."

அப்போது பிலோமினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அவரு சொல்றது நெசம். போடிமெட்டு ரோட்டுல மூட்டையோட அவரு ஏறுனத நான் எத்தனையோ நாள் பாத்திருக்கேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

காசிமாயன் தலையைச் சொறிந்தார். "மனுசச் சாட்சி செல்லாதும்மா. வேண்டப்பட்டவனுக்காக எவனும் பொய் சொல்லுவான்னு அண்ணன்தான் மேசையத் தட்டி அந்த விதியச் சேர்க்க வச்சாரு."

"இவ எனக்கு வேண்டப்பட்டவ இல்லையேடா!" என்று சௌந்தரபாண்டியன் கதறினார்.

"அது எங்களுக்கும் தெரியும்ணே. மெய்காட்டிக்குத் தெரியாதே."

அவர் பெயர் ஏற்றப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. கூட்டம் கலைந்தது, கலைந்தவர்கள் போகும்போது அவருடைய கால்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். பிலோமினா மட்டும் போகவில்லை. தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். அவர் கை நீளவில்லை. அந்தச் சாலையில், அந்த விடியலில், இவளுக்கு என்ன வேலை?

"உண்மையச் சொல்லும்மா. என்னைய வேவு பாக்கத்தானே பின்னாலயே வந்தே?"

"பின்னாலயா? நான் உங்களுக்கு முன்னாலதானே, மேல் வளைவுல போய்க்கிட்டிருந்தேன்! நீங்கதாண்ணே, எவனும் வாரானான்னு திரும்பித் திரும்பிப் பின்னாலயே பாத்துக்கிட்டு வந்தீங்க."