கண்ணடிக்காத நாள்

செவ்வாய்க் கோளில் வஞ்சிக்கூடு என்ற ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் திகைத்துப்போவது பூங்காவில்தான். அங்கே வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் மரங்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருப்பார்கள்.

காரணம் எளியது. அந்த ஊரில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் பள்ளியில் சேர்க்கும் வயதில் இடது கண்ணில் ஒரு மெல்லிய வில்லை பொருத்துவார்கள். அதற்குக் கண்பதிவி என்று பெயர். இடது கண்ணை மட்டும் மூடித் திறந்தால் எதிரே இருப்பது படமாகப் பதிந்துவிடும். தன்னையே படம் எடுத்துக்கொள்ள மட்டும் அது உதவாது. அதனால், "ஏனுங்க, எங்களைப் பாத்து ஒரு கண்ணடிங்களேன்" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பது அங்கே சாதாரண நாகரிகம்.

அப்போது நான்காம் வட்டத்துக்கு இலையுதிர்காலம் விட்டிருந்தார்கள். ஊர் முழுவதையும் மூடியிருக்கும் கண்ணாடிக் கூரைக்குள் ஒரே ஒரு குளிர்பொறிதான் உண்டு. அது தரும் குளிரைக் குழாய்த் தண்ணீர்போல முறைவைத்து வட்டம் வட்டமாகத் திறந்துவிடுவார்கள். குளிர் வந்ததும் பூங்காவில் வாதாம் மரங்கள் சிவக்கும். மேப்பிள் மரங்கள் செம்மஞ்சளாகும். ஓரத்தில் நிற்கும் கிங்கோ மரம் மஞ்சள் தூளில் முக்கி எடுத்ததுபோல் ஆகிவிடும். கொஞ்ச நாள் கழித்து இலைகள் உதிரும், குளிர் அடுத்த வட்டத்துக்குப் போகும்.

அந்த ஆண்டு அது போகவில்லை.

நான்காம் வட்டப் பூங்காவின் பொறுப்பாளர் கனகமணிக்குக் காரணம் தெரியும். பருவத்தை எப்போது முடிப்பது என்று முடிவுசெய்வது பூங்காமூளை என்ற கணினி. மனிதர்கள் முடிவுசெய்த காலத்தில் வட்டத்துக்கு வட்டம் சண்டை வந்ததால் அந்த வேலையை அதனிடம் விட்டிருந்தார்கள். மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அது அளக்கும். அளவு குறைந்த பிறகுதான் பருவத்தை மூடும். அதுவரை மரங்களின் வேருக்குப் பிடிசாறு என்றொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சாறு ஏறிய மரத்தில் இலை காம்பைவிட்டு விழாது.

மகிழ்ச்சியை அது எப்படி அளந்தது? எத்தனை பேர் கண்ணடிக்கிறார்கள் என்று எண்ணித்தான்.

"மரமெல்லாம் களைச்சுப்போச்சுங்க" என்று கனகமணி தன் கணவர் தண்டபாணியிடம் காலைச் சாப்பாட்டின்போது சொன்னாள். "உதுந்தாத்தான் அதுக்குத் தூக்கம். தூங்க விடாம நிறுத்தி வெச்சிருக்கோம்."

தண்டபாணி காற்று நிலையத்தில் வேலை பார்க்கிறவர். வேலைக்குப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை பூங்காவுக்குள் நுழைந்து ஒரே வாதாம் மரத்தைப் படம் பிடித்துக்கொண்டு வருவார். வெளிச்சம் மாறினால் படமும் மாறுகிறதாம்.

"நான் ஒருத்தன் எடுக்கறதாலயா உதுராம நிக்குது?" என்றார்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

அன்று மதியம் ஐந்தாம் வட்டத்திலிருந்து தங்கை தங்கமணி தொலைமுகத்தில் கூப்பிட்டாள். சுவரில் அவள் முகம் தெரிந்ததுமே அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் மகள் நித்திலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் போபோஸ் நிலவின் சுரங்கத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள். இலை உதிரும்போது மரத்தடியில்தான் தாலி கட்ட வேண்டும் என்பது நித்திலாவின் ஆசை.

"ஒத்தக்கால்ல நிக்கிறாக்கா. இங்க எங்க பூங்காவுல இன்னும் வேனக்காலம். மரமெல்லாம் பச்சப்பசேல்னு நிக்குது. அவங்களுக்குச் சுரங்கத்துல லீவே கம்மி. வந்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்க. உங்க ஆளுங்க எப்பத்தான் நிறுத்துவாங்க?"

"நிறுத்தச் சொன்னா நிறுத்துவாங்களாடி? உங்க மாமாவே நிறுத்த மாட்டேங்கறாரு."

"நீ சொன்னாக் கேப்பாங்கக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாரும் எடுக்காம இருந்தாப் போதும்."

கனகமணி அன்று மாலையே வீடுவீடாகப் போனாள். அவள் நல்ல பேச்சுக்காரி இல்லை. ஆனாலும் ஒரு கல்யாணம் நிற்கிறது என்றால் வஞ்சிக்கூட்டில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். ஒரு நாள்தானே என்றார்கள். இடது கண்ணைத் துணியால் கட்டிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். பூங்காவுக்கே வராமல் இருந்துவிடலாம் என்றார் இன்னொருவர். அது கனகமணிக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க" என்றாள். "மரம் உதுந்தா இனி அடுத்த வருசந்தான். வந்து சும்மா பாத்துட்டுப் போங்க."

"சும்மான்னா?"

"சும்மாத்தான்."

அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் வந்தார்கள். ஒருவர் தவறினாலும் கெட்டுவிடும் என்பதால், மற்றவர்களைக் கண்காணிக்கவே பாதிப் பேர் வந்தார்கள். ஐந்தாம் வட்டத்திலிருந்து தங்கமணியும் நித்திலாவும்கூட வந்துவிட்டார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம்.

முதலில் எல்லாரும் தவித்துப்போனார்கள். கைகால்களை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள்போல் நின்றார்கள். சிவந்த கிளை ஒன்றின்மேல் வெளிச்சம் விழுந்ததும் தண்டபாணியின் இடது இமை துடித்தது.

"என்னங்க" என்று அதட்டினாள் கனகமணி.

அவர் சட்டென்று இரண்டு கண்களையும் சேர்த்து மூடிக்கொண்டார். இரண்டையும் மூடினால் படம் விழாது. கூட்டத்துக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அதன்பிறகு, அழகு தாங்க முடியாமல் போகும்போதெல்லாம் ஆட்கள் இரண்டு கண்களையும் இறுக மூடி, மூச்சு விட்டு, மெல்லத் திறந்தார்கள். திறக்கும்போது மரம் அங்கேயே இருந்தது. அது அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. படம் எடுத்ததும் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவதே பழக்கம் என்பதால், ஒரு மரம் தொடர்ந்து அங்கேயே இருப்பதை அவர்கள் கவனித்ததில்லை.

பூங்காமூளை பிடிசாற்றை நிறுத்தியதை யாரும் உணரவில்லை. மதியத்துக்குப் பிறகு கிங்கோ மரத்திலிருந்து ஓர் இலை கழன்றது.

செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. கிளையை விட்ட இலை தரைக்கு வருவதற்குள், பக்கத்தில் இருப்பவரைத் தோளில் தட்டிக் கூப்பிட்டு, எங்கே எங்கே என்று அவர் தேடி, கண்டுபிடித்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்து முடிக்கலாம். கூட்டம் முழுவதும் அந்த ஒற்றை இலையைப் பார்த்தது. இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, நித்திலாவின் தலைக்கு மேலே வந்து கொஞ்சம் யோசித்தது, பிறகு அவள் அம்மாவின் தோளில் உட்கார்ந்தது.

அதன்பிறகு எல்லா மரங்களும் ஒன்றாக விட்டுக்கொடுத்தன. இத்தனை நாள் பிடித்துவைத்திருந்த இலைகள் ஆயிற்றே. காற்றே இல்லாமல், சத்தமே இல்லாமல், சிவப்பும் மஞ்சளுமாக அவை இறங்கிவந்தன. இறங்கின என்பதைவிட மிதந்தன என்று சொல்லலாம். குழந்தைகள் உள்ளே ஓடிக் கைகளால் துழாவி வழி செய்துகொண்டார்கள். பெரியவர்களும் சற்று நேரம் கழித்து ஓடினார்கள். பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பக்கத்து வீட்டார், ஒரே இலையைப் பிடிக்கப் போய் மோதிக்கொண்டு, சிரித்துவிட்டுப் பிறகு அதே வேகத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். தங்கமணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்கும்மா அழுவற?"

"தெரியல கண்ணு. நல்லா இருக்குது, அதான்."

தண்டபாணி தம் வாதாம் மரத்தடியில் நின்றிருந்தார். கனகமணி அருகில் போனபோது சொன்னார்: "கனகு, இந்த எலைக்கு அடியில ஒரு மாதிரி வெளிறுன செவப்பு இருக்குது. எத்தன படம் எடுத்திருக்கேன், ஒண்ணுலயும் பாத்ததில்ல."

அவள் அவர் தலையிலிருந்த இலையை எடுத்துக் கீழே விட்டாள்.

மறுநாள் காலை குளிர் ஐந்தாம் வட்டத்துக்குப் போயிருந்தது. தங்கமணியின் வீட்டு வாசலில் வாதாம் மரத்தின் நுனி இலை சிவக்கத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. கனகமணி வெறுங்கிளைகளுக்குக் கீழே துடைப்பத்தோடு நின்றபோது, பூங்காமூளையின் குரல் ஒலிபெருக்கியில் மரியாதையாகக் கூப்பிட்டது.

"வணக்கமுங்க கனகமணியம்மா. ஒரு வருத்தமான சேதிங்க. நேத்து உங்க வட்டத்துல மகிழ்ச்சி சுத்தமா இல்லீங்க."

"என்னது?"

"இந்த ஊர் உண்டானதுல இருந்து இவ்வளவு சோகமான நாள் பதிவானதே இல்லீங்க. அத்தன பேரு வந்து, ஒருத்தர்கூட ஒரு படம் எடுக்கல. அதனால உங்களுக்கு இலையுதிர்காலமே பிடிக்கலீன்னு முடிவு பண்ணி, அடுத்த வருசத்துல இருந்து அதை உங்க வட்டத்துக்கு நிறுத்திட்டேனுங்க. அதுக்குப் பதிலா வேனக்காலத்த நீட்டி விடறேன்."

கனகமணி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நேத்து நாங்க எவ்வளவு சந்தோசமா இருந்தோம் தெரியுங்களா? என் தங்கச்சி சந்தோசத்துல அழுதுட்டா."

"அழுதத நானும் பாத்தனுங்க. அதையும் சோகத்துலதான் சேத்திருக்கேன்."

"அய்யோ, அது வேற அழுகைங்க."

"ஏதாச்சும் ஆதாரம் இருந்தாக் காட்டுங்க. ஒரு படம் போதும்."

"படம் எடுக்காததாலதான் சந்தோசமா இருந்தோம்."

பூங்காமூளை மிகுந்த அக்கறையோடு சொன்னது: "அம்மா, என்னைச் செஞ்சவங்க, மனுசங்களுக்கு எது சந்தோசம்னு நான் கத்துக்கறதுக்காகப் பழைய பூமிக்காரங்களோட படச் சேமிப்பு அத்தனையும் என்கிட்டக் குடுத்தாங்க. கையில ஒரு பேசி வெச்சிருந்த காலத்து ஆளுங்க. கல்யாணம்னா எடுத்தாங்க, கடற்கரைன்னா எடுத்தாங்க, குழந்த பொறந்தா எடுத்தாங்க. சோறு ஆறினாலும் பரவால்லீன்னு எடுத்துட்டுத்தான் சாப்பிட்டாங்க. அந்தக் கோடிக்கோடிப் படத்தயும் ஒண்ணு விடாமப் பாத்தாச்சுங்க. படம் எடுக்காத சந்தோசம்னு ஒண்ணு அதுல எங்கயுமே இல்லீங்க."

கனகமணி வீட்டுக்குப் போய்த் தண்டபாணியிடம் சொன்னாள். அவர், "எல்லாரையும் திரும்ப வரச்சொல்லு" என்றார். "சந்தோசமா இருந்தமாதிரி நடிச்சுக் குடுத்துடலாம்."

மாலையில் வட்டமே மறுபடி பூங்காவில் கூடியது. கூட்டிக் குவித்திருந்த இலைகளைக் கூடைகூடையாக வாரி, ஏணியில் ஏறி மேலேயிருந்து கொட்டினார்கள். பாதிப் பேர் கீழே நின்று கைகளை விரித்து அண்ணாந்து சிரித்தார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். கொட்டுகிற இலையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்து வீட்டார் இரண்டு பேரையும் மோதிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் தடவை சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப மோதவிட்டதில், அவர்கள் மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தண்டபாணி ஏணியிலிருந்து நழுவி, செவ்வாய் ஈர்ப்பின் தயவில் நிதானமாக, கூடையும் கையுமாக இலைக் குவியலில் வந்து அமிழ்ந்தார். அதை எல்லாரும் எடுத்தார்கள். அந்த ஒரு நொடி மட்டும் சிரிப்பு நிஜம்.

"இப்பத்தானுங்க மனசுக்கு நிம்மதி" என்றது ஒலிபெருக்கி. "ஊர் உண்டானதுல இருந்து இவ்வளவு சந்தோசமான நாள் பதிவானதே இல்லீங்க. அடுத்த வருசம் உங்களுக்குத்தான் முதல் குளிர்."

கூட்டம் கைதட்டியது. கனகமணியும் தட்டினாள். இலையுதிர்காலம் பிழைத்துவிட்டது, தங்கை மகளுக்கும் நல்லபடியாகக் கல்யாணம் நடக்கப்போகிறது. அவளுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும், இருந்ததில் நல்ல படமாக ஒன்றைப் பொறுக்கித் தங்கமணிக்கு அனுப்பினாள். அண்ணாந்து சிரிக்கும் முகங்கள், மேலே மிதக்கும் சிவப்பு இலைகள், நடுவில் தண்டபாணியின் கால்கள்.

தங்கமணி உடனே கூப்பிட்டாள். சுவரில் தெரிந்த முகத்தில் பூரிப்பும் ஓர் ஓரத்தில் ஏக்கமும் இருந்தன.

"அக்கா, படம் என்னமா இருக்குது. அத்தன பேருக்கும் மொகத்துல எவ்வளவு சந்தோசம் பாரு" என்றாள். "நானும் நித்திலாவும் ஒரு நாள் முன்னாடியே வந்து ஏமாந்துட்டோம். நேத்து சும்மா இருந்ததுக்கு இன்னிக்கு வந்திருக்கலாம்."